ரத்தினபாய் மறுபடி ஒட்டியவை

காலை ஒன்பதரைக்கெல்லாம் ரத்தினபாய் பாசி காய்ச்சத் தொடங்கிவிடுவாள். இரண்டு லிட்டர் தண்ணீர், அளந்து வைத்த கடல்பாசித் தூள், கொஞ்சம் ஜெலட்டின், மூன்று கரண்டி இசப்கோல். கொதி வரும்வரை கரண்டியைக் குண்டானிலிருந்து எடுக்கக்கூடாது. எடுத்தால் அடியில் திரளும், திரண்டது ஸ்கேன் படத்தில் கட்டி மாதிரித் தெரியும். இறக்கிய பிறகு குண்டானின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருந்து, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் மேலே வந்ததும் வழித்து எறிவாள். அப்புறம் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த பிளாஸ்டிக் குழாய்களில் ஊற்றுவாள். நாலு இஞ்சு, ஆறு இஞ்சு, எட்டு இஞ்சுக் குழாய்கள். பம்மல் மெயின் ரோட்டு ஹார்டுவேர் கடையில் அவளே வாங்கி, கடைக்காரரையே அறுத்துத் தரச்சொல்லிக் கொண்டுவந்தவை. மதியத்துக்குள் இறுகிவிடும். கவிழ்த்தால் யாரோ ஒருவருடைய வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் மேஜையில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

"பாயசம் ரெடியாக்கா?" என்று உமேஷ் எட்டிப் பார்த்துக் கேட்பான். தினமும் இதே கேள்விதான்.

"ஆச்சு சார். முந்திரி மட்டும் பாக்கி."

சேலையூரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது அந்தக் கம்பெனி. மொத்தம் எட்டுப் பேர். சந்திரிகா மேடம் டாக்டர், கம்பெனி அவருடையது. உமேஷ் என்ஜினீயர், முப்பது வயது, மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிடுகிறவன். ரத்தினபாய் இங்கே கூட்டித் துடைக்கத்தான் வந்தாள். ஒருநாள் உமேஷ் காய்ச்சிய பாசி கட்டி கட்டியாகப் போனதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "சிரிக்கிறீங்களே, நீங்க கிண்டுங்க பாக்கலாம்" என்று அவன் கரண்டியைக் கொடுத்தான். அதோடு துடைப்பம் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

அங்கே செய்யப் பார்ப்பது ஒரு ஸ்கேன் பட்டை. உள்ளங்கை நீளம், சாக்லேட் தாள் கனம். ஆஸ்பத்திரியில் வயிற்றில் வைத்துத் தேய்க்கும் ஸ்கேன் கருவி கெட்டியானது. அதன் முகத்தில் வரிசையாக, ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் ஒலிக்கண்கள் இருக்கும். அவற்றில் எது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே தெரியும். அது தெரிந்தால்தான் திரும்பி வரும் எதிரொலிகளை ஒன்று சேர்த்துப் படம் போட முடியும். இந்தப் பட்டை அப்படியில்லை. உடம்பில் ஒட்டிவிட்டால் உடம்போடு வளையும், மூச்சு இழுத்தால் ஒரு வளைவு, விட்டால் இன்னொரு வளைவு. கண்கள் எங்கே நகர்ந்தன என்று தெரியாமல் போட்ட படம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது போலக் கலங்கிப் போகும். ஆகவே எதிரொலியை மட்டும் கேட்டே, 'பட்டை இப்போது இப்படி வளைந்திருக்கிறது' என்று கம்ப்யூட்டரே கணித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அதைப் பழக்க வேண்டும்.

முதல் நாளே உமேஷ் விளக்கிச் சொன்னான். "ஆயிரக்கணக்குல ஒட்டிக் காட்டணும்க்கா. இந்தப் பாசி வயித்து மேல பட்டைய ஒட்டுங்க, கீழ இருக்கிற பெடல அமுக்குங்க. எதிரொலி ஒரு பக்கம் பதிவாகும். அதே நேரத்துல கேமரா, பட்டை நெஜமா எப்படி வளைஞ்சிருக்குன்னு படம் எடுத்துக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து மெஷின் கத்துக்கும். நாம காட்டாதது எதுவும் அதுக்குத் தெரியாது."

"சின்னக் கொழந்தைன்னு சொல்லுங்க."

"கொழந்தை ரெண்டு தரம் காட்டினா புரிஞ்சிக்கும்க்கா. இதுக்குப் பத்தாயிரம் தரம் காட்டணும்."

பத்து மாதத்தில் பதினோராயிரம் தரம் ஒட்டினாள்.

ஒட்டுவது அவளுக்குப் புதிதில்லை. பதினெட்டு வயதில் பம்மலில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனியில் சேர்ந்தவள், இருபத்திரண்டு வருஷம் பேஸ்டிங் மேஜையில் இருந்தாள். தோலுக்கு அடியில் துணி லைனிங்கை ஒட்ட வேண்டும். நடுவில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் வெளியே பார்த்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். உள்ளே சின்னதாக ஒரு காற்றுக்கொப்புளம் நின்றாலும் சோதிக்கிறவர் தடவிப் பார்த்து ஓரமாக எறிந்துவிடுவார். அதனால் பசை பிடிப்பதற்குள் உரித்து மறுபடி ஒட்டிவிடுவது பேஸ்டிங் மேஜையில் எல்லாருடைய பழக்கம். அதை யாரும் தப்பு என்றும் நினைத்ததில்லை, வேலை என்றும் நினைத்ததில்லை. கம்பெனி ஊரை விட்டுப் போனபோது அவளுக்கு நாற்பது வயது.

வீட்டுக்காரர் எட்மண்ட் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள் டெபோரா நர்ஸிங் டிப்ளமோ முடித்துவிட்டுக் குரோம்பேட்டையில் ஒரு நர்ஸிங் ஹோமில் மூன்று வருஷமாக இருக்கிறாள். பன்னிரண்டு மணி நேர டியூட்டி, மாற்றிவிட ஆள் வராவிட்டால் அதற்கு மேலும். பட்டையை நிஜ நோயாளிகளுக்கு ஒட்டிப் பார்க்கும் கட்டம் வந்தபோது, ஆறு மாதத்துக்கு ஒரு நர்ஸ் வேண்டும், நன்றாகச் செய்தால் அப்படியே தொடரலாம் என்று சந்திரிகா மேடம் சொன்னார். ரத்தினபாய் மகளைச் சொன்னாள். "உங்க பொண்ணுன்னா கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்க்கா" என்றான் உமேஷ். அந்தப் பேச்சை நம்பி டெபோரா மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று மேட்ரனிடம் கடிதம் கொடுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. ஒட்டிப் பார்க்க ஒரு வயிறு வேண்டும். எட்மண்ட் வந்தார்.

"இன்னா சார், ஒரு லோடு அடிச்சிட்டு வந்துகினு கீறேன். சாப்ட்டேன், பரவால்லியா?" என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் படுத்தார்.

"பரவால்ல அண்ணா. கிட்னி எங்கயும் ஓடாது."

"ஓடாதுதான். அதுக்கு மேல பத்து கிலோ லோடு கீதே."

சந்திரிகா மேடம்கூடச் சிரித்துவிட்டார். டெபோரா சிரிக்கவில்லை. ஜெல்லைத் தடவி, அப்பாவின் விலாவுக்குக் கீழே பட்டையை வைத்து, ஒரு முனையை டேப் போட்டு நிறுத்தினாள். அடுத்த முனையை இழுத்து டேப் போட்டாள். பிறகு நடுவை உள்ளங்கையால் அமுக்கினாள். வார்டில் டிரெஸ்ஸிங் போடும் யாரும் அப்படித்தான் செய்வார்கள். முதலில் முனைகளைப் பிடித்துவிடாவிட்டால் நோயாளி நெளியும்போது எல்லாம் நழுவிவிடும்.

திரையில் படம் சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி வந்தது. இன்னொரு தரம் ஒட்டினாள். அப்போதும் அப்படியேதான். மூன்றாம் தரமும் அதே சாம்பல்தான்.

"அக்கா, நீங்க ஒரு தரம் ஒட்டுங்க" என்றான் உமேஷ்.

ரத்தினபாய் ஒட்டினாள். நடுவில் வைத்து வெளியே தள்ளினாள். எட்மண்டின் சிறுநீரகம், பாத்தியில் முளைத்த அவரைவிதை போல, திரையில் தெளிவாக வந்து நின்றது.

"பாத்தீங்களா மேடம்? அல்காரிதத்துல தப்பு ஒண்ணும் இல்ல. எல்லாம் கையிலதான் இருக்கு" என்றான் உமேஷ். டெபோரா பக்கம் திரும்பி, "உங்களுக்கு இன்னும் கை படியலைங்க" என்றான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னான். "வேற ரெண்டு மூணு நர்ஸையும் பாத்துரலாம்" என்றார் சந்திரிகா மேடம்.

"வார்டுல யாரு சார் நடுவுலேர்ந்து ஒட்டுவாங்க?" என்று கேட்டாள் டெபோரா.

"சொல்லிக் குடுத்துரலாம். அக்கா ஒட்டுற மாதிரியே எல்லாருக்கும் டிரெய்னிங் குடுப்போம். ஒரு சார்ட்டே போட்டுரலாம் மேடம், ரத்தினபாய் மெத்தட்!"

உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நொடி ரத்தினபாய்க்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மகள் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பது அதற்கடுத்த நொடியில்தான் கண்ணில் பட்டது.

அன்று அவளுக்கு வேறொன்றும் கண்ணில் பட்டிருந்தது. அது ஏன் உறுத்துகிறது என்றுதான் புரியவில்லை. திரையின் ஓரத்தில், பட்டை இப்படி வளைந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணித்ததைப் பச்சைக் கோடாகப் போடும். கேமரா பார்த்த நிஜ வளைவு சிவப்புக் கோடு. டெபோரா ஒட்டியபோது பட்டையின் நடுவில் சின்னதாக ஒரு மேடு எழும்பியிருந்தது, சிவப்புக் கோட்டிலும் அது இருந்தது. பச்சைக் கோட்டில் மேடே இல்லை. வழித்து விட்ட மாதிரி ஒரே சீராக, ரத்தினபாய் ஒட்டியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது.

மறுநாள் புதன்கிழமை வழக்கம்போல் ஆறு இஞ்சுத் துண்டை வைத்துக்கொண்டு ஒட்டத் தொடங்கினாள். ஏழாவது தரம் ஒட்டும்போது தன் வலது கை ஒரு காரியம் செய்வதைப் பார்த்தாள். பட்டையின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. கால் பெடலுக்குப் போகவில்லை. கை போய் மூலையைப் பிடித்து உரித்தது, ஜெல்லை வழித்தது, மறுபடி ஒட்டியது. அதன் பிறகுதான் கால் பெடலை அமுக்கியது. அவள் யோசித்து எதையும் செய்யவில்லை.

பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வேலை செய்தாள். மாலையில் எண்ணிப் பார்த்தால், அறுபது தரம் ஒட்டியதில் பத்தொன்பது தரம் உரித்து மறுபடி ஒட்டியிருந்தாள். மேடு, மூலை தூக்கல், சுருக்கம், ஜெல்லில் குமிழி. அந்தப் பத்தொன்பதில் ஒன்றைக்கூட மெஷினுக்குக் காட்டவில்லை. பத்து மாதமாகக் காட்டவில்லை. டெபோராவின் கைக்கு வந்த மேடு, வார்டில் எந்த நர்ஸின் கைக்கும் வரக்கூடியதுதான். அதை மெஷின் பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை.

தாளை மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டாள். உமேஷ் பக்கத்து அறையில்தான் இருந்தான். போய்ச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போன பிறகும் சொல்லவில்லை. "நாளைக்குக் காலைல மேட்ரனப் பாத்து லெட்டரத் திருப்பிக் கேக்கப் போறேன்" என்று டெபோரா சாப்பிடும்போது சொன்னாள். "குடுப்பாங்களாம்மே?" என்றார் எட்மண்ட். "கெஞ்சினா குடுப்பாங்க டாடி." ரத்தினபாய் எழுந்து போய் ரசத்தைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள்.

வியாழக்கிழமை உமேஷ் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தான், சார்ட்டுக்குப் படம் எடுக்க. வளையலைக் கழற்றிவிட்டு, அவள் கைகளை மட்டும் ஆறு படம் எடுத்தான். பட்டையை நடுவில் வைப்பது, கட்டைவிரல் இரண்டும் சேர்ந்து நிற்பது, விரல் வெளியே நகர்வது. "நகத்த மட்டும் கொஞ்சம் வெட்டிருக்கலாம்க்கா" என்றான். "முன்னாடியே சொல்லியிருந்தா மருதாணியே வச்சிருப்பேன்" என்றாள். அவளால் அப்படிப் பேசவும் முடிந்தது. இந்தக் கைகளை இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட அவை பூச்செண்டுக்குப் பின்னால்தான் இருக்கும். ஒருநாள் போகட்டும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை சார்ட் அச்சாகி வந்தது. பெரிய தாள், பளபளவென்று. அதை ஒட்ட உமேஷ் செல்லோடேப்பைத் தேடினான். ரத்தினபாய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"சார், அத ஒட்டாதீங்க."

"ஏன்க்கா, போட்டோ நல்லா வரலையா?"

காலண்டர் தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். "புதன்கெழம எண்ணினது. மூணுல ஒண்ணு நான் உரிச்சுட்டு மறுபடி ஒட்டறேன். நல்லா வந்தப்புறந்தான் பெடல அமுக்கறேன். ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்."

உமேஷுக்கு முதலில் பிடிபடவில்லை. "நல்லதுதானக்கா" என்றான். சொல்லி முடிப்பதற்குள் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேமராவின் பழைய பதிவுகளைத் திறந்தான். பெடல் அமுக்கும்போதுதான் எதிரொலி பதிவாகும். ஆனால் கேமரா பாட்டுக்கு நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூலை என்று மாற்றி மாற்றிப் பார்த்தான். எல்லாவற்றிலும் அந்தக் கை வந்து உரித்தது, வழித்தது, மறுபடி ஒட்டியது. அவன் பத்து மாதமாக அந்தப் படங்களை வைத்திருந்தும் ஒரு நாள்கூட ஓடவிட்டுப் பார்த்ததில்லை.

"ஒட்டின உடனே அமுக்கச் சொன்னேன்லக்கா?"

"கோணலா ஒட்டினத ஒட்டினதுன்னு எப்படி சார் சொல்றது? எங்க கம்பெனில அப்படிக் குடுத்தா மூஞ்சிலயே வீசுவாங்க."

உமேஷ் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினான். பிறகு, "தப்பு என்னுதுதான். கோணலும் வேணும்னு நான் சொல்லியிருக்கணும்" என்றான். திரையைக் காட்டி, "மெஷினுக்கு உங்க கைய மட்டும் மனப்பாடம் பண்ண வச்சிருக்கோம்" என்றான்.

"அப்ப செவ்வாக்கெழம டெபோரா கையில ஒண்ணும் தப்பில்லதானே?"

"ஒண்ணுமில்ல. அவங்க கரெக்டாதான் பண்ணாங்க. இதுக்குத்தான் தெரியல."

உரித்தவற்றின் எதிரொலி போனது போனதுதான், புதிதாக ஒட்டித்தான் ஆக வேண்டும். குறைந்தது மூவாயிரம், எல்லாம் மேடும் சுருக்கமுமாக. "இப்பவே ஆரம்பிங்கக்கா, மோசமா ஒட்டுங்க" என்றான். ரத்தினபாய் ஒட்டினாள். வேண்டுமென்றே நடுவில் ஒரு மேடு வைத்தாள். கையை எடுப்பதற்குள் கட்டைவிரல் போய் அதை வழித்துவிட்டது. மறுபடி வைத்தாள். இந்தத் தடவை வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பெடலை அமுக்கினாள். பத்துத் தரம் ஒட்டியதும் உமேஷ் கோடுகளைப் பார்த்துச் சிரித்தான்.

"பத்து மேடும் ஒரே எடத்துல, ஒரே உயரத்துல இருக்கு. கோணலக்கூட அளவெடுத்துப் போடறீங்க. இது நடிப்புக்கா. மெஷின் இதையும் மனப்பாடம் பண்ணிக்கும்."

"பின்ன என்ன சார் பண்றது?"

"வார்டுல கை பழகின ஆளு வேணும். டெபோராவக் கூப்பிடுங்க. திங்கக்கெழமைலேர்ந்து. முதல்ல இத ஒட்டித் தரட்டும், அப்புறம் நோயாளிங்க. அந்த ஆறு மாசம் அவங்களுக்குத்தான், மேடத்துகிட்ட நான் பேசிக்கறேன்." சார்ட்டைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகினான்.

பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போதுதான் ரத்தினபாய்க்கு உறைத்தது, நல்ல சேதி என்று எடுத்துப் போவதை எந்தப் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினாலும் புதன்கிழமையைத் தாண்டித்தான் சொல்ல வேண்டும் என்று.

டெபோரா பகல் டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். முன்னறையில் உட்கார்ந்து, கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எட்மண்ட் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தினபாய் பையைக்கூட இறக்காமல் சொன்னாள். மெஷினைப் பற்றி, உரித்து ஒட்டியதைப் பற்றி, வார்டில் கை பழகிய ஆள்தான் வேண்டும் என்று உமேஷ் சொன்னதைப் பற்றி.

"அதாவது நான் கோணலா ஒட்டுறதுக்கு வேலை" என்றாள் டெபோரா.

"கோணல் இல்லடி. நீ ஒட்டுறதுதான் சரியாம். சாரே சொன்னாரு."

"அட! இத எங்கூட்டு ஆளு ஒத்துக்கிச்சா?" என்றார் எட்மண்ட், டிவியைப் பார்த்தபடியே. "அவ தப்ப அவளே சொன்னாளா? காலண்டர்ல குறிச்சி வைக்கணும் இந்த நாள."

"காலண்டர்லதான் குறிச்சிருக்கேன்" என்று ரத்தினபாய் வாய்தவறிச் சொல்லிவிட்டு, கேட்காமலேயே அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். தன் கணக்கு சரி என்று காட்டத்தான் நீட்டினாள். டெபோரா வாங்கிப் பார்த்தாள். கோடுகளைப் பார்த்தாள். மேலே ரத்தினபாய் வழக்கப்படி எழுதியிருந்த கிழமையைப் பார்த்தாள்.

"புதன்."

ரத்தினபாய் பையைக் கீழே வைத்தாள்.

"வியாழக்கெழம காலைல எட்டு மணிக்கு நான் மேட்ரன் ரூம்ல நின்னேன் மம்மி. ரெண்டு ஸ்டாஃப் இருந்தாங்க, அவங்க முன்னாடியே மேட்ரன் கேட்டாங்க, 'ஏன், அங்க உன்ன வேணாம்னுட்டாங்களா'ன்னு. ஆமா மேடம்னு சொன்னேன். எனக்குக் கை சரியில்லையாம்னு சொன்னேன். சொல்லித்தான் லெட்டர வாங்கிட்டு வந்தேன்." அவள் குரல் ஏறவில்லை. "நான் போறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும்."

எட்மண்ட் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"தெரியும்" என்றாள் ரத்தினபாய்.

"அப்ப ஏன் சொல்லல?"

மணிபர்ஸின் ஜிப்பைத் திறந்து மூடினாள். சார்ட்டில் தன் பேர் வரப்போகிறது என்பதால் என்று சொல்லலாம். அது காரணம்தான். ஆனால் வாயைத் திறந்து சொன்னால் அது ஒரு காரணம் மாதிரியே கேட்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"சொல்லியிருக்கணும்" என்றாள். பிறகு, "திங்கக்கெழம ஒம்பதரைக்கு வரச் சொன்னாரு. ரெண்டு பேரும் சேந்தே போயிரலாம். மேட்ரன்கிட்ட வேணும்னா நானும் வரேன், வந்து சொல்றேன், தப்பு எம்மேலதான்னு. வருவியா?"

டெபோரா அந்தத் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து டிவி மேஜையில் வைத்தாள். மடித்த துணிகளை அடுக்கினாள், அப்பாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று, தன்னுடையது ஒன்று. தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.